மைக் செட்காரர் மனைவிக்காக

மைக்கைக் கையில வாங்கின உடனே 'பூ பூ'ன்னு ஊதுறாங்க பாருங்க, அவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அது என்ன அணைஞ்சு போன அடுப்பா? ஊதி முடிச்சதும் ரெண்டு தட்டு வேற. தட்டினா உள்ள இருந்து யாராவது வந்து கதவைத் திறக்கப் போறாங்களா? இத்தனை வருஷமா மைக் செட் போடறேன். கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட விழா, கடை திறப்பு, எல்லாம் பாத்தாச்சு. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாதவன்தான் ரொம்ப நேரம் ஊதுவான்.

ஆனா எனக்குன்னு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் பேசிட்டு இருக்கிறப்ப நடுவுல சத்தத்தைக் குறைக்க மாட்டேன். ஆள் எவ்வளவு அறுத்தாலும் சரி, விழா நடத்துறவர் என் காதோரம் வந்து கொஞ்சம் கட் பண்ணுங்கண்ணே, புண்ணியமாப் போகும்னு கெஞ்சினாலும் சரி. மேடையில நிக்கிறவன் வாய் அவனோடது, சத்தம் என்னோடது. என்னை நம்பி வாயைத் திறந்தவனை நட்டாத்துல விடக் கூடாது. இந்த விஷயத்துல நான் கறார்.

என் கடை ஒரே ஒரு அறை. முன்பக்கம் ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், சுருட்டி மாட்டின ஒயர். நடுவுல ஒரு திரை. பின்பக்கம் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, நான். ஊருக்கே சத்தத்தை வாடகைக்கு விடறவன் வீட்ல குழாய் சொட்டுறதுதான் பேச்சுத் துணை. பொண்டாட்டி போய்ச் சேந்து சில வருஷம் ஆச்சு. சமையலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னவ, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்தா, அவ்வளவுதான். தண்ணி மட்டும் ஓடிட்டே இருந்துச்சு. ஒரே பொண்ணு. கல்யாணமாகி வேற ஊர்ல இருக்கா, சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சர். ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களான்னு கேப்பா, சாப்பிட்டேன்னு சொல்லுவேன். நீ சாப்பிட்டியான்னு கேப்பேன், சாப்பிட்டேன்னு சொல்லுவா. ரெண்டு பேரும் சாப்பிட்டது உறுதியானதும் வச்சிடுவோம்.

இப்படி இருக்கிறப்ப, ஒருநாள் காலேஜ் பிள்ளைங்க சில பேர் கடைக்கு வந்தாங்க. அவங்களுக்கு ஒரு தலைவி. ஒல்லியா, பெரிய கண்ணாடி போட்டு, கொண்டைக்குள்ள ஒரு பேனாவைச் சொருகி வச்சிருந்தா. விளையாட்டு மைதானத்துல விழா நடத்தப் போறாங்களாம். நடைப் பயணம், பாட்டு, கேக் கடை, வளையல் கடை, எல்லாம் அவங்களே. வர்ற காசு பூரா ஒரு பரிசோதனை வேனுக்குப் போகுமாம், அந்த வேன் தெருத்தெருவாப் போய்ப் பொம்பளைங்களுக்கு இலவசமாப் பாக்குமாம். "மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு அங்கிள்"னு என் மூஞ்சிக்கு நேரா, காய்கறி பேரு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னா. கூட வந்த பையன்கள்கூட தலையை ஆட்டிக்கிட்டு நின்னானுங்க, ஒருத்தனும் நெளியல. நான்தான் நெளிஞ்சேன். என் கை தானா சட்டையோட மேல் பொத்தானுக்குப் போயிடுச்சு.

ஏன்னா எனக்கு அதுதான் வந்திருந்துச்சு.

ஆம்பளைக்கு எப்படின்னுதானே கேக்கறீங்க? நானும் அதையேதான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். ஆம்பளைக்கும் அங்க கொஞ்சம் சதை இருக்கு இல்லையா, லட்சத்துல ஒருத்தருக்கு வரும்னாங்க. குலுக்கல் சீட்டுல எனக்கு ஒரு டம்ளர்கூட விழுந்தது கிடையாது, இது மட்டும் விழுந்துச்சு பாருங்க. இடது காம்புக்குக் கீழ ஒரு பட்டாணி அளவுக்குத்தான் இருந்துச்சு. ஸ்பீக்கர் பெட்டியை மார்ல அணைச்சுத் தூக்கித் தூக்கிக் காய்ச்சுப் போயிருக்கும்னு விட்டுட்டேன். கடைசியில அந்தப் பக்கத்தையே வழிச்சு எடுத்துட்டாங்க. அக்குளுக்குள்ளயும் கை வச்சாங்க. அதுலேருந்து இடது கை தோளுக்கு மேல எழும்பாது, கனம் தூக்கினா பொதபொதன்னு வீங்கிடும். மருந்து ஏத்தினதுல முடி கொட்டும்னு பயமுறுத்தினாங்க. என் தலை எப்பவோ மொட்டை வெளி, கொட்டினது எனக்கே தெரியல.

ஒருத்தருக்கும் சொல்லல. பொண்ணுகிட்ட வெளியூர்ல விழாவுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தேன். அந்தப் பிரிவுல டாக்டரைப் பாக்கக் காத்திருக்கிற கூடம் பூரா பொம்பளைங்க. நான் ஒருத்தன்தான் இடம் மாறி வந்தவன் மாதிரி ஓரத்துல உக்காந்திருப்பேன். முதல் நாளே, ஆரஞ்சுப் பழப் பையோட பக்கத்துல உக்காந்த ஒரு அம்மா விசாரிச்சாங்க, வீட்டுக்காரம்மா உள்ள இருக்காங்களான்னு. ஆமான்னுட்டேன். வேற என்ன சொல்றது? ஒரு ஆமா சொல்லிட்டா பேச்சு முடிஞ்சிடும்னு நெனச்சேன். எங்க முடிஞ்சுது. அடுத்த தடவை போனா அவங்களே இடம் போட்டு உக்கார வச்சு, வீட்டுக்காரம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நேத்து பூரா வாந்தி, வாயில எதையும் வைக்க முடியலன்னு சொன்னேன். அது நான்தான். ராத்திரி தூங்குறாங்களான்னு கேட்டாங்க. தூக்கமே இல்ல, உக்காந்துட்டே விடிஞ்சிடுதுன்னு சொன்னேன். அதுவும் நான்தான்.

அப்புறம் அக்கம்பக்கத்துல இருந்த எல்லாருமே சேந்துக்கிட்டாங்க. அவளுக்கு ஐஸ் துண்டை வாயில போட்டு ஒதுக்கிக்கச் சொல்லுங்க, எலுமிச்சம்பழத்தை மூக்குகிட்ட வச்சுக்கச் சொல்லுங்க, எண்ணெய் வாடையே ஆகாது, சமைக்க விடாதீங்கன்னு ஆளாளுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து அதை எல்லாம் ஒண்ணு விடாம செய்வேன், எனக்கு நானே. என் பேரைக் கூப்பிட்டா மருந்துச் சீட்டு வாங்கப் போற ஆள் மாதிரி எழுந்து போவேன். யாருக்கும் சந்தேகம் வரல. ஒருநாள் அந்த ஆரஞ்சுப் பழ அம்மா சொன்னாங்க, இவ்வளவு அக்கறையாப் பாத்துக்கறீங்களே, உங்க வீட்டுக்காரம்மா கொடுத்து வச்சவங்கன்னு. பஸ்ல வர்றப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு வந்தேன்.

எல்லாம் ஒரு வழியா ஓய்ஞ்ச பிறகு டாக்டரம்மா ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினாங்க. திரும்பி வந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, இது குடும்பத்துல இறங்குற வகைன்னாங்க. உங்க பொண்ணுக்கும் இறங்கியிருக்கலாம், இறங்காமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. நேரத்தோட பாத்துக்கிட்டா பயப்படவே வேண்டாம், தெரியாம விட்டாத்தான் ஆபத்து. சொல்லிடுங்கன்னாங்க. ஒவ்வொரு தடவை போறப்பவும் சொல்லியாச்சான்னு கேப்பாங்க. இந்த ஞாயிறு சொல்லிடறேன் டாக்டர்னு நானும் ஸ்கூல் பையன் மாதிரி சொல்லிட்டு வருவேன்.

ஞாயிறு வரும். காலையிலேருந்து ஒத்திகை பாப்பேன். போன் அடிக்கும். சாப்பிட்டீங்களாப்பா? சாப்பிட்டேன்மா. அங்க மழையா? இல்லப்பா. சரிம்மா. வச்சிடுவேன். வச்ச பிறகு தலையில அடிச்சுக்குவேன். அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா அது என் வாய் திறக்காததாலதான்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிஞ்சும் வர மாட்டேங்குது. ஆபரேஷனுக்குப் பயப்படல, ஊசிக்குப் பயப்படல. மகள்கிட்ட போய், அப்பாவுக்கு மார்ல வந்துச்சுன்னு சொல்ற கூச்சம் இருக்கே, அது ஆளைக் கொன்னுடும்.

இதெல்லாம் மனசுல ஓடினதாலதான், தலைவி வந்து நின்னப்ப பாதி வாடகை கொடுத்தாப் போதும்னு சொல்லிட்டேன். அவ கண்ணாடியை மேல தள்ளிக்கிட்டு என்னையே ஒரு பார்வை பாத்துட்டுப் போனா.

விழாவுக்கு முதல் நாள் மதியம் மைதானத்துக்குப் போய் எல்லாத்தையும் இறக்கினேன். ஒத்தைக் கையால பெட்டியை இழுக்கிறதைப் பாத்துட்டு தலைவி ஓடி வந்து மறுபக்கத்தைப் பிடிச்சா. மூச்சு வாங்கிட்டு ரெண்டு பேரும் பெட்டி மேலயே உக்காந்தோம். மத்த பிள்ளைங்க, வாலிபால் கம்பத்துல கட்டியிருந்த வலையை ரோஸ் கலர் ரிப்பனா நிரப்பிட்டு இருந்தாங்க. யாருக்காகக் காசு கொடுக்கறாங்களோ அவங்களை ரிப்பன்ல எழுதிக் கட்டுறதாம். அம்மாவுக்காக, சித்திக்காக, எங்க கணக்கு டீச்சருக்காகன்னு காத்துல ஆடிட்டு இருந்துச்சு.

அப்பத்தான் அவ கேட்டா, ஏன் அங்கிள் பாதி வாடகை போதும்னீங்க, வீட்ல யாருக்காவது இருந்துச்சான்னு. நான் தலையை ஆட்டினேன். ஆன்ட்டிக்கான்னா. பழகின வாய் பாருங்க, ம்னு சொல்லிடுச்சு. இப்ப எப்படி இருக்காங்கன்னு கேட்டா. இல்லம்மா, போயிட்டான்னேன். அவளுக்கு வந்தது பொய், அவ போனது நிஜம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சதும் தலைவிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு அந்தப் பிள்ளையை ஏமாத்துறோமேன்னு சங்கடமா இருந்துச்சு. அதே சமயம், என் பொண்டாட்டிக்காக ஒருத்தர் கண்ணு கலங்கிப் பாத்து எத்தனை நாளாச்சுன்னும் இருந்துச்சு.

அவ ஒரு ரிப்பனை எடுத்து, கொண்டையிலேருந்து பேனாவை உருவி, என்ன பேரு எழுதட்டும்னு கேட்டா. பேரெல்லாம் வேண்டாம்மான்னேன். பொய்யில அவ பேரை இழுக்க மனசு வரல. 'மைக் செட்காரர் மனைவிக்காக'ன்னு அவளே எழுதிக் கொண்டு போய் நடு வலையில கட்டினா.

திரும்பி வந்து, பிள்ளைங்க இருக்காங்களான்னு கேட்டா. ஒரே பொண்ணுன்னேன். அப்ப அவங்க கட்டாயம் பாத்துக்கணுமே, சொல்லிட்டீங்களான்னா. டாக்டரம்மாவே கண்ணாடி மாட்டிட்டு வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த இடத்துல எனக்கு ஒரு யோசனை உதிச்சுது. யோசனையா அது, குறுக்கு வழி. நீயே சொல்லிடேன்மா, பொம்பளைப் பிள்ளைக்குப் பொம்பளைப் பிள்ளை சொன்னா நல்லா இருக்கும்னேன். இதைச் செய்யத்தானே அங்கிள் நாங்க இருக்கோம்னு உடனே நம்பரை வாங்கிக்கிட்டா.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பேசினா. என்ன பேசுறான்னு கேக்கல. கையை ஆட்டுறதும், நெத்தியைத் தேய்ச்சுக்கிறதும்தான் தெரிஞ்சுது. என் பொண்ணு குரல் அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டு ஒயரை முறுக்கிட்டு உக்காந்திருந்தேன். தலைவி திரும்பி வந்தா. சொல்லிட்டேன் அங்கிள், அவங்க ஒண்ணுமே பேசல, வேன் நாளைக்கு இங்கதான் நிக்கும்னு மட்டும் சொல்லி வச்சேன்னா.

நெஞ்சுல இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. விஷயம் போய்ச் சேந்துடுச்சு, அம்மாவுக்குன்னு போனா என்ன, அப்பாவுக்குன்னு போனா என்ன, அவ பரிசோதனை பண்ணிக்கிட்டாச் சரின்னு நெனச்சேன். போனைப் பாத்தேன், அவ கூப்பிடல. புரிஞ்சுக்கிட்டா போலன்னு போர்த்திட்டுத் தூங்கினேன். மடையன் நான்.

மறுநாள் மைதானம் ஒரே ரோஸ் கலர். பலூன் ரோஸ், கேக் ரோஸ், பையன்கள் தலையில கட்டின துணி ரோஸ். எனக்கும் ஒரு பனியன் கொண்டு வந்து கொடுத்தாங்க. 'நம் வீட்டுப் பெண்களுக்காக'ன்னு நெஞ்சுல எழுதியிருந்துச்சு. ஒடம்போட ஒட்டுற பனியன் அது, போட்டா ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளம்னு ஊருக்கே தெரிஞ்சிடும். வேர்க்கும்மான்னு சொல்லி மடிச்சு ஆம்ப்ளிஃபயர் மேல வச்சிட்டேன். பிள்ளைங்க பம்பரமாச் சுத்தினாங்க. பாடுறவன் சுருதி விலகினாலும் கூட்டம் கை தட்டிச்சு. வேன் மைதானத்து ஓரத்துல, என் மேசைக்குப் பக்கத்துலயே வந்து நின்னுச்சு. அதோட வாசல்ல ஒரு மேசை போட்டு நர்ஸம்மா ஒருத்தங்க உக்காந்து, வர்றவங்களை விசாரிச்சு உள்ள அனுப்பினாங்க.

கொஞ்ச நேரத்துல தலைவி மேடை ஏறி, இந்த நோயை ஜெயிச்சவங்க எல்லாரும் மேல வாங்கன்னு கூப்பிட்டா. ஊதல, தட்டல, நேராப் பேசினா, அதுக்கே அவளுக்கு ஒரு கும்பிடு. கூட்டத்துக்குள்ள இருந்து ஒவ்வொருத்தரா எழுந்தாங்க. ஒரு அம்மா கைத்தடியோட, ஒருத்தி கைக்குழந்தையோட. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வரிசையா நின்னாங்க. பிள்ளைங்க துண்டு போத்திவிட்டாங்க. கை தட்டல்ல என் மீட்டர் முள்ளு சிவப்பைத் தொட்டுச்சு. நானும் உங்க கட்சிதான்னு அங்க போய் நிக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சுங்க. சத்தியமா ஆசையா இருந்துச்சு. என் தோளுக்குப் பக்கத்துல ஸ்பீக்கர் கம்பம்தான் நின்னுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அவங்க இறங்கினதும் சிறப்பு விருந்தினர் வந்தார். பெரிய துணிக்கடை முதலாளி. எதிர்பாத்த மாதிரியே ஊதினார், தட்டினார். அப்புறம் தாய்மை, தியாகம்னு பிடிச்சவர் விடவே இல்ல. ஆண்களே, உங்கள் வீட்டுப் பெண்களைக் காப்பாற்றுங்கள்னு அவர் முழங்கிட்டு இருக்கிறப்ப, வலைக்கு முன்னாடி ஒரு பொண்ணு நின்னு ரிப்பன் ஒவ்வொண்ணாத் திருப்பிப் படிக்கிறதைப் பாத்தேன். முதுகுதான் தெரிஞ்சுது. பெத்தவனுக்கு முதுகு போதாதா?

நடுவுல இருந்த அந்த ரிப்பனைப் பிடிச்சுக்கிட்டு அவ ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் திரும்பி என் மேசைக்கு வந்தா. விடியக்காலை பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்கணும், முகம் வீங்கிப் போய், தலை வாராம. அவ பேச ஆரம்பிச்சா, எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. ஸ்பீக்கர் ரெண்டும் தலைக்கு மேல அலறுது. அம்மா ஏன்ப்பா எங்கிட்ட மறைச்சான்னு கேட்டா. நீங்களும் சேந்து மறைச்சிருக்கீங்களேன்னா. யாரோ ஒரு காலேஜ் பொண்ணு போன் பண்ணி எங்க அம்மாவைப் பத்தி எனக்குச் சொல்லணுமான்னா.

அப்புறம் அவ மேசையைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு, என் காதுக்குப் பக்கத்துல சொன்னா.

"கடைசி மாசத்துல அவ எப்பப் பாரு படுத்தே கிடந்தாப்பா. சோம்பேறின்னு திட்டினேன். போன்ல நான் அவகிட்ட கடைசியாப் பேசினதே அந்தத் திட்டுதான். அவளுக்கு இது இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா திட்டியிருப்பேனா?"

நான் பரிசோதனைக்கு அனுப்புறதா நெனச்சு, பெத்த தாயைத் திட்டின பாவத்தை அவ தலையில தூக்கி வச்சிருக்கேன். காலம் பூரா சுமப்பாளே. இல்ல பாப்பா, அப்படி இல்லன்னேன். அவளுக்குக் கேக்கல. அம்மாவுக்கு இல்லன்னு கத்தினேன். என்னது, என்னதுன்னு அவளும் கத்தினா. மேல அந்த மனுஷன் தாயே தெய்வம்னு உச்சத்துக்குப் போயிட்டு இருந்தார். என் சத்தத்தை வச்சே என் வாயை அடைச்சுட்டு இருந்தார்.

கையை நீட்டினேன். எத்தனையோ அறுவைப் பேச்சுல, எத்தனையோ பேர் கெஞ்சியும் செய்யாததைச் செஞ்சேன். மெயின் சத்தத்தை அடியோட இறக்கிட்டேன்.

மைதானமே கம்முனு ஆயிடுச்சு. பலூன் ஒண்ணோட ஒண்ணு உரசுறது கேட்டுச்சு. மேடையில அவர் வாய் மட்டும் அசைஞ்சுது.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. அவ நெஞ்சு வலியிலதான் போனா. இது வந்தது எனக்கு."

அந்த அமைதியில அது எவ்வளவு தூரம் போச்சோ தெரியல. முன் வரிசையில சில தலை திரும்புச்சு. தலைவி ஒரு கேக் தட்டோட அப்படியே நின்னுட்டா. என் பொண்ணு எதுன்னு கேட்டா. இதேதான், மார்ல, இடது பக்கம், எடுத்தாச்சுன்னேன். குடும்பத்துல இறங்கும்னு டாக்டர் சொன்னாங்க, அதான் உனக்குச் சொல்லச் சொன்னாங்க, எனக்கு வாய் வரலன்னேன். அவ்வளவுதான், மொத்தமே அவ்வளவுதான் இருந்துச்சு சொல்ல. மேடையில முதலாளி மைக்கைத் தட்டினார், ஊதினார். நான் சத்தத்தை ஏத்தி விட்டேன். அவர் விட்ட இடத்துலேருந்து தாயைப் பிடிச்சுக்கிட்டார்.

என் பொண்ணு என் சட்டையையே பாத்துட்டு இருந்தா. மேசையைச் சுத்திக்கிட்டு எங்கிட்ட வந்தா.

"ஆஸ்பத்திரியில யாருப்பா கூட இருந்தா?"

இதுக்கு என்னங்க பதில் சொல்றது? யாரும் இல்லன்னு சொன்னா அவ தாங்க மாட்டா. யோசிச்சுப் பாத்தா அது முழு நிஜமும் இல்ல.

"உங்க அம்மாதான்"னேன்.

அவளுக்குப் புரியல. அந்தக் கூடத்தைப் பத்தி, ஆரஞ்சுப் பழ அம்மாவைப் பத்தி, வீட்டுக்காரம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டவங்களுக்கு எல்லாம் நான் சொன்ன பதிலைப் பத்தி, ஐஸ் துண்டைப் பத்தி, எல்லாத்தையும் அவ காதுக்குள்ளயே சொன்னேன். போன்ல இத்தனை வருஷமாப் பேசினதை எல்லாம் சேத்தாலும் அவ்வளவு பேச்சு வராது. அவ என் மேல சாஞ்சு அழுவான்னு பாத்தேன். அழல. கோவம். பல்லைக் கடிச்சுக்கிட்டு, செத்துப் போன அம்மாவைக் கூட்டிட்டுப் போவீங்க, உயிரோட இருக்கிற நான் உங்களுக்கு ஆகல இல்லன்னு கேட்டா. கேட்டது நியாயம்.

அவ விறுவிறுன்னு வலைக்குப் போய் அந்த ரிப்பனை அவிழ்க்கப் பாத்தா. நான் பின்னாடியே ஓடிப் போய் வேண்டாம்னேன். அவளும்தான் என்கூட அலைஞ்சா, அவளுக்கும் ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும் விடுன்னேன். முடிச்சுல கையை வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் விட்டுட்டா. என் முகத்தைப் பாக்காம, கைப்பையை என் கையில திணிச்சுட்டு, நேரா வேன் வரிசையில போய் நின்னா.

நான் பையோட மேசைக்குத் திரும்பி வந்து உக்காந்தேன். துணிக்கடை முதலாளி ஒரு வழியா இறங்கி, பிள்ளைங்க பாட்டு ஆரம்பிச்சிருந்தாங்க. வரிசை மெல்ல நகர்ந்துச்சு. அவ முறை வந்துச்சு. நர்ஸம்மா நிமிராமலே எல்லார்கிட்டயும் கேக்கிறதை அவகிட்டயும் கேட்டாங்க, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சாம்மான்னு. என் பொண்ணு என்னமோ சொன்னா, பாட்டுல கேக்கல. அம்மாவுக்கான்னு நர்ஸம்மா கேட்டாங்க. அவ தலையை ஆட்டி இல்லன்னா. பின்ன யாருக்குன்னு அவங்க நிமிந்து பாத்தாங்க. என் கை மறுபடியும் சத்தத்தைக் குறைக்கப் போச்சு. குறைக்கல, பிடிச்சு வச்சுக்கிட்டேன். அவ குரல் பாட்டைத் தாண்டி வருதான்னு பாக்கணும்னு இருந்துச்சு.

"எங்க அப்பாவுக்கு"ன்னா. வகுப்புல கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்னு டீச்சர் பேசுவாங்களே, அந்தக் குரல்ல.

சொல்லிட்டு என் பக்கம் கையைக் காட்டினா. நர்ஸம்மா திரும்பினாங்க. வரிசையில நின்ன பொம்பளைங்க எல்லாரும் திரும்பினாங்க, துண்டு போத்தின அந்தக் கைத்தடி அம்மா உள்பட. ஆஸ்பத்திரி கூடத்துல இத்தனை கண்ணு என்னைப் பாத்திருந்தா மருந்துச் சீட்டு வாங்கப் போற மாதிரி எழுந்து போயிருப்பேன். இப்ப எழுந்து நின்னேன். நான்தான்னு சொல்ல இடது கையைத் தூக்கினேன். அது தோளுக்கு மேல போகாது. போன வரைக்கும் தூக்கினேன்.